கடல் லூர்களில் ட்ரெபிளை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டுவது எப்படி?

மதுரையிலிருந்து விடுமுறை நாட்களில் தனுஷ்கோடிக் கரைக்கும் மண்டபத்துக்கும் தூண்டில் வீசப் போகும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 120 மி.மீ. நீளமுள்ள மிதக்கும் மின்னோ ஒன்று, நடுத்தரமான பாப்பர் ஒன்று, 40 கிராம் ஸ்பூன் ஒன்று இருக்கின்றன. மூன்றிலும் ட்ரெபிள் முள்தான் வந்தது. ஒற்றை முள்ளுக்கு மாற விரும்புகிறேன். கடைக்காரர் ட்ரெபிளின் அளவிலிருந்து இரண்டு அளவு கூட்டி வாங்கினால் போதும் என்கிறார். அது சரியா?" புதியவர்களுக்காக: லூர் என்பது செயற்கை இரை, ட்ரெபிள் என்பது ஒரே தண்டில் மூன்று முனைகள் உள்ள முள். மின்னோ சிறுமீன் வடிவ லூர், பாப்பர் மேற்பரப்பில் தண்ணீரை அறைந்து வரும் லூர், ஸ்பூன் குழிந்த உலோகத் தகட்டு லூர்.

இரண்டு அளவு கூட்டுவது, எந்தப் பாக்கெட்டிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்பதற்கு உதவும் கணக்கு. அதை மட்டும் நம்பி முள்ளை மாட்டிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போவது சரியாக இருக்காது. முள்ளின் அளவு எண்ணை எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் இடுவதில்லை என்பதே முதற்காரணம். 4, 2, 1 என எண் இறங்க இறங்க முள் பெரிதாகும். ஒன்றைத் தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என எண் ஏற ஏறப் பெரிதாகும். இந்த வரிசை எல்லோருக்கும் பொது என்றாலும், நார்வேயின் மஸ்டட், பிரான்சின் வி.எம்.சி., ஜப்பானின் ஓனர், டெகாய், சீனத்தின் பி.கே.கே. ஆகியவற்றின் 1/0 முட்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தண்டின் நீளம், கம்பியின் தடிமன், வாயின் அகலம் ஆகியவை வேறுபடுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரே நிறுவனத்திலும் மெல்லிய கம்பியில் செய்த 1/0-வுக்கும் தடித்த கம்பியில் செய்த 1/0-வுக்கும் எடையில் பெரிய வேறுபாடு இருக்கும். ஆகவே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: முள்ளின் எடை, வாயகலம், கம்பியின் தடிமன். மூன்றிலும் எடைக்கே நான் முதலிடம் கொடுப்பேன், ஏனெனில் மீன் லூரைத் தேடி வருவதே அதன் நீச்சலைப் பார்த்துத்தான். எடை தவறினால் நீச்சல் தவறும், நீச்சல் தவறிய லூரில் எவ்வளவு நல்ல முள் இருந்தும் பயனில்லை.

லூரை வடிவமைப்பவர் அதில் மாட்டப்போகும் ட்ரெபிள்களின் எடையையும் சேர்த்தே கணக்கிட்டிருப்பார். வயிற்றுப் பக்கம் தொங்கும் ட்ரெபிள் லூரைக் கவிழாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது. வால் ட்ரெபிளோ எடையாக இருப்பதோடு தண்ணீரை இழுத்துப் பின்பக்கத்தின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. எடுத்துக்காட்டாக, உங்கள் மின்னோவின் ட்ரெபிள் ஒவ்வொன்றும் 1.8 கிராம் என்றும், நீங்கள் வாங்கிய ஒற்றை முள் 1.1 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் மாற்றியதும் லூர் 1.4 கிராம் இளைத்துவிடும். நன்றாக மிதக்கும் லூருக்கு இது பெரிய குறையாகாது. சற்று உயர்ந்து மிதக்கும், ஆட்டம் சற்று அகலமாகும். நீருக்குள் நடுவில் நிற்கும்படி செய்த சஸ்பெண்டிங் மின்னோவோ, நிறுத்தினால் மெல்ல மூழ்கும் லூரோ, இந்த 1.4 கிராமில் தன் இயல்பையே இழந்துவிடும். ரீலை வேகமாகச் சுற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேற்பரப்பில் சுழன்றபடி வரும் மின்னோக்களைப் பலர் லூரின் குறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றில் பல, வயிற்று எடை குறைந்ததால் நிலைகுலைந்தவையே.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நகைக்கடைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் கேட்டால் கிடைக்கும், இணையத்திலும் மலிவாகவே விற்கிறது. லூரிலிருந்து கழற்றிய ட்ரெபிளை முதலில் அதன் ஸ்பிளிட் ரிங்கோடு (முள்ளை லூரில் மாட்டும் சிறு வளையம்) நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ஒற்றை முள்ளை அதற்குரிய ஸ்பிளிட் ரிங்கோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வேறுபாடு இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. முள் இலேசாக இருந்தால், அடுத்த பெரிய அளவுக்குப் போகலாம், அல்லது அதே அளவில் தடித்த கம்பிக்குப் போகலாம், அல்லது முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி எடையைக் கூட்டலாம். ஈயம் சுற்றுவது அழகாக இருக்காது, ஆனால் முள்ளின் வாயகலத்தையும் கம்பியின் தடிமனையும் மாற்றாமல் எடையை மட்டும் சரிசெய்ய அதைவிட எளிய வழி இல்லை.

மதுரைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை என்பதால், புதிய லூரை வீட்டுத் தொட்டியிலோ, கிணற்றிலோ, ஏதாவதொரு கண்மாயிலோ போட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே கிடைக்கும் முடிவு கடலுக்குப் பொருந்தாது. உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் நன்னீரைவிட லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் வரை கனமானது. அந்த அளவுக்கு லூரைக் கூடுதலாக மேலே தூக்கும். 30 கிராம் எடையுள்ள லூர் ஒன்று கண்மாயில் மிதக்காமலும் மூழ்காமலும் நின்றால், அது கடலில் ஏறத்தாழ 0.6 முதல் 0.75 கிராம் வரையான விசையோடு மேலே எழும். ஒரு சிறிய முள்ளின் எடையோடு ஒப்பிட்டால் இது புறக்கணிக்கக்கூடிய அளவு அன்று. ஆகவே பத்து லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்து, அதில் லூரைப் போட்டுப் பாருங்கள். பழைய ட்ரெபிளோடு ஒரு முறையும் புதிய முள்ளோடு ஒரு முறையும் போட்டு, எந்த மட்டத்தில் நிற்கிறது, மூக்கு தாழ்கிறதா வால் தாழ்கிறதா, கையை விட்டதும் எத்தனை நொடியில் நிலைக்கு வருகிறது என்பதைக் கவனித்தால், கடற்கரையில் நின்று ஊகிக்க வேண்டிய பாதி விஷயம் வீட்டிலேயே தெளிந்துவிடும். லூரின் ஆட்டத்தை மட்டும் இப்படிப் பார்க்க முடியாது. அதற்கு இழுத்துப் பார்க்கக் கொஞ்சம் தூரம் தேவைப்படும்.

அடுத்தது வாயகலம், அதாவது முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. வயிற்று முள்ளின் வாயகலம் லூரின் உடல் அகலத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பது நல்லது. அப்போதுதான் மீன் லூரைக் கவ்வும்போது முனை உடலின் மறைவில் ஒதுங்கிவிடாமல் வெளியே நிற்கும். பருத்த பாப்பரில் இந்த விதியை முழுதாகப் பின்பற்ற முடியாது; அங்கே எடை இடம் கொடுக்கும் வரை பெரிய முள்ளைப் போடுவதோடு திருப்தி அடைய வேண்டும்.

வாயகலம் அளவுக்கு மிஞ்சினாலும் தொல்லை உண்டு. முள்ளை மாட்டிய பிறகு லூரைக் கையில் பிடித்து, விரலால் அதை எல்லாப் பக்கமும் தள்ளிப் பாருங்கள். வயிற்று முள்ளின் வளைவும் வால் முள்ளின் காதும் (ரிங்கை மாட்டும் துளையுள்ள நுனி) ஒன்றையொன்று தொட்டுப் பின்னிக்கொண்டால் தண்டு நீளம் அதிகம். பிறகு முள்ளை உடலின் பக்கவாட்டில் மேலே தூக்கிப் பாருங்கள். மெலிந்த உடலுள்ள மின்னோவில் பெரிய முள் முதுகின்மேல் ஏறி, சேணம் போட்டதுபோல் உடலைக் கவ்விக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கடலில் வீசும்போது காற்றிலேயே இது நடந்துவிடும். லூர் கோணலாக இழுபட்டு வரும், நீங்களோ மீன் இல்லை என்று இடம் மாறுவீர்கள். வால் பகுதி பெரும்பாலும் மெலிந்திருப்பதால் வால் முள்ளில் இந்தச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். இரண்டிடத்திலும் ஒரே அளவு முள்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயிற்றில் 1/0-வும் வாலில் 1-உம் போட்டால் சரியாக அமைகிற லூர்கள் நிறையவே உண்டு.

வாங்கும்போது "இன்லைன்" வகை முள்ளா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்காவிட்டால் இப்படிக் கண்டுபிடிக்கலாம்: முள்ளை மேசையில் படுக்க வைத்து மேலிருந்து பார்த்தால், வளைவும் தெரிய வேண்டும், காதின் துளையும் தெரிய வேண்டும். சாதாரணத் தூண்டில் முள்ளில் காது குறுக்காக நிற்பதால் துளை தெரியாது. அதை ஒரே ஸ்பிளிட் ரிங்கில் மாட்டினால் முள் லூருக்குக் குறுக்கே பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஏற்கெனவே அத்தகைய முட்கள் கையில் இருந்தால் இரண்டு ஸ்பிளிட் ரிங்குகளைக் கோத்துத் திருப்பிக்கொள்ளலாம் என்றாலும், நீளம் கூடி முட்கள் பின்னிக்கொள்ளும் வாய்ப்பு அதிகரிக்கிறது. சில லூர்களில் மட்டும் உடலிலுள்ள வளையமே குறுக்காக இருக்கும். அங்கே சாதாரண முள்தான் சரியாக நிற்கும். எனவே லூரைப் பார்க்காமல் முள்ளை வாங்க வேண்டாம்.

முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வயிற்று முள் தொங்கும்போது அதன் முனை லூரின் மூக்கைப் பார்க்கட்டும். இழுக்கும்போது முள் பின்னோக்கிச் சாயும். அப்போது முனை கீழ்நோக்கித் திரும்பி, வயிற்றில் இடிக்காமல் விலகி நிற்கும். முனை வாலைப் பார்க்கும்படி மாட்டினால், அதே சாய்வில் முனை வயிற்றைப் போய் அடித்துக்கொண்டே வரும். வண்ணமும் கெடும், முனையும் மழுங்கும். வால் முள்ளின் முனை மேல்நோக்கி இருக்கட்டும். அடியில் பாறையோ, பாக் விரிகுடாப் பக்கம் பரந்து கிடக்கும் கடற்புல்லோ இருந்தால், மேல்நோக்கிய முனை சிக்காமல் வரும்.

இனி கம்பியின் தடிமன். முள்ளின் உறுதியை 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் என்று குறிப்பார்கள்; எக்ஸ் கூடினால் கம்பி தடிக்கும். உறுதியான முள் எப்போதும் நல்லது என்று நினைத்து 4எக்ஸ் வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. தடித்த கம்பி மீனின் வாயில் ஏறுவதற்கு அதிக விசை வேண்டும். மெல்லிய ராடும் (தூண்டில் கம்பு) மூன்று கிலோ டிராக்கும் (லைனை விடத் தொடங்கும் முன் ரீல் தாங்கும் இழுவிசை) வைத்திருப்பவர் 4எக்ஸ் முள் போட்டால், முனை எலும்பில் பதிந்தும் பார்ப் (முனைக்குக் கீழே உள்ள எதிர்முள்) வரை உள்ளே போகாமல் நிற்கும், மீன் ஒரு முறை தலையை உதறியதும் கழன்றுவிடும். உங்கள் ராடும் ரீலும் எவ்வளவு டிராக்கை உண்மையில் தாங்குகின்றன என்று முதலில் பாருங்கள். பயணப் பெட்டியை எடை பார்க்கும் கைத்தராசை லைனின் நுனியில் கட்டி, ராடை வளைத்து இழுத்தால் அது தெரிந்துவிடும். பின்னர் ஒரு முள்ளைப் பட்டறை வைஸில் கடித்து, அதே தராசால் காதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். உங்கள் டிராக்கைப் போல இரண்டு மடங்கு விசையில் வாய் விரியாத முள் போதும். கண்ணாடி அணிந்துகொண்டு, ஆள் இல்லாத பக்கம் இழுங்கள். முறியும் முள் தெறிக்கும். பி.இ. 2 தடிமனுள்ள பிரெய்டும் (பின்னல் லைன்) ஐந்து கிலோவுக்குள் டிராக்கும் வைத்துக் கரையிலிருந்து வீசுபவருக்கு 1எக்ஸ் அல்லது 2எக்ஸ் முள்ளே நிறைவாக இருக்கும். படகிலிருந்து பெரிய பாரையைக் குறிவைத்துக் கனமான ராடோடு போகிறவர்களுக்குத்தான் அதற்கு மேல் தேவை.

உறுதியைப் பற்றிப் பேசும்போது, ட்ரெபிளை ஏன் விடுகிறோம் என்பதற்கான வலுவான காரணமும் இங்கேதான் இருக்கிறது. ட்ரெபிளின் இரண்டு முனைகள் மீனின் வாயில் பதிந்தால் இழுவிசை இரண்டாகப் பிரிகிறது, அதனால் இரண்டுமே ஆழமாக ஏறுவதில்லை. மீன் திரும்பும்போது ஒரு முனை மற்றொன்றுக்கு நெம்புகோல் ஊன்றும் இடமாகிக் கம்பியை விரித்துவிடுகிறது. ஒற்றை முள்ளில் முழு விசையும் ஒரே முனையில் இறங்குகிறது, அதே எடைக்குத் தடித்த கம்பியும் கிடைக்கிறது. பெரிய பாரைகள் ட்ரெபிளை நேராக்கிவிட்டுப் போவதும், அதே மீன் ஒற்றை முள்ளில் கரை வரை வருவதும் இதனால்தான்.

எல்லா மீனுக்கும் இது ஒன்றுபோல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பாரை, களவா, கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவா ஆகியவை லூரை வாய்க்குள் இழுத்துக் கவ்வுபவை. அவற்றுக்கு ஒற்றை முள்ளில் எந்த இழப்பும் இல்லை. மதுரை மீன் கடைகளில் வஞ்சிரம் என்று விற்கும் சீலாவும், ஊளியும் வேகமாக வந்து இரையின் வாலை வெட்டிவிட்டுப் போகிறவை. அவற்றில் தவறும் கடிகள் ஒற்றை முள்ளில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அவற்றைத் தேடிப் போகும்போது வால் முள்ளை ஓர் அளவு நீண்ட தண்டுள்ளதாகப் போடுங்கள். வயிற்று முள்ளைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. வாலில் மட்டும் ட்ரெபிளை வைத்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்த மீனைச் சமையலுக்கு எடுத்துப்போகத்தான் போகிறார்கள் என்றால். மற்றபடி, பிடித்ததில் பாதிக்கு மேல் திரும்ப விடுகிறவருக்கு ஒற்றை முள்ளே தகும். மீனின் வாயில் ஒரே ஒரு துளை. கொறட்டால் ஒரு திருப்பு. மீன் தண்ணீருக்குத் திரும்பிவிடும். கண்ணிலும் செவுளிலும் மற்ற முனைகள் குத்திக் கிடப்பதில்லை. பார்ப்பையும் கொறட்டால் நசுக்கிவிட்டால் இன்னும் நல்லது. லைன் தளராமல் பார்த்துக்கொண்டால் மீன் கழலாது.

மீனுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். நெருக்கமான நாட்டுப்படகில், உதறிக்கொண்டிருக்கும் மீனின் வாயில் ஒரு ட்ரெபிளும் படகோட்டியின் உள்ளங்கையில் மற்றொரு ட்ரெபிளும் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அரிச்சல்முனையில் நிற்கும்போது மருத்துவமனை இராமேஸ்வரத்தில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பவளப்பாறையில் சிக்கி அறுபடும் லூர்களும் ஒற்றை முள்ளில் குறையும். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பாறைகளும் பாதுகாக்கப்பட்ட பகுதி. படகுக்காரர் "கொஞ்சம் பக்கத்தில் போகலாம்" என்றாலும் அங்கே லூர் வீசக்கூடாது.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளீயப் பூச்சுள்ள உயர் கார்பன் எஃகு முட்களை வாங்குங்கள். கறுப்பு நிக்கல் பூச்சு நன்னீருக்குப் போதும், கடல்நீரில் விரைவில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் முள் துருப்பிடிக்காது என்பது வசதிதான், ஆனால் அதே அளவில் கார்பன் எஃகைவிட மென்மையானது, முனையின் கூர்மையும் நீடிப்பதில்லை. லைன் அறுந்து மீனோடு போய்விட்டால் அதன் வாயில் நெடுங்காலம் தங்கிவிடும். எந்த முள்ளாக இருந்தாலும் மண்டபத்திலிருந்து கிளம்பும் முன்பே நன்னீரில் அலசி, துடைத்து வையுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் மூடி, மதுரைக்கு வந்து மறுநாள் திறந்தால், துருப்பிடித்த ஒரு முள் பக்கத்திலிருக்கும் நான்கு லூர்களையும் கறைப்படுத்தியிருக்கும். கூர்மையைச் சோதிக்க முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்து நின்றால் சரி. அரத்தால் தீட்டிய இடத்தில் பூச்சு போய்விடும் என்பதால், தீட்டிய முள்ளை அந்தப் பயணத்தோடு கழித்துவிடுவது நல்லது.

உங்களுடைய மூன்று லூர்களுக்கு வருவோம். மின்னோவுக்கு 1 அளவிலும் 1/0 அளவிலும் ஒவ்வொரு பாக்கெட் இன்லைன் முள் வாங்கி, இரண்டையும் தராசில் வைத்து, கழற்றிய ட்ரெபிளுக்கு எது நெருங்கி வருகிறதோ அதை வயிற்றில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஆட்டம் மிக அகலமாகி வேகத்தில் புரளத் தொடங்கினால், வால் முள்ளின் தண்டில் சேவலின் கழுத்து இறகு நான்கைந்தை நூலால் இறுகக் கட்டுங்கள். அது தண்ணீரை இழுத்து, ட்ரெபிள் செய்துவந்த வேலையைச் செய்யும். பாப்பருக்கு 3/0-விலிருந்து பார்க்கலாம். அதில் வால் முள் சற்றுக் கனமாகவே இருக்கட்டும். வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்து நின்றால்தான் இழுக்கும்போது வாய் தண்ணீரை நன்றாக அறையும். வயிற்று முள்ளை எடுத்துவிட்டு வால் முள்ளோடு மட்டுமே பாப்பரை வீசுகிறவர்களும் உண்டு, ஆனால் உங்கள் பாப்பர் அந்த எடை இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறதா என்பதை உப்புநீரில் பார்த்த பிறகே அப்படிச் செய்யுங்கள். ஸ்பூன்தான் மிக எளிது: வாலில் ஒரே ஒரு 2/0 அல்லது 3/0 முள், குழிந்த பக்கத்தை நோக்கி முனை. உலோகத் தகட்டுக்குச் சில புள்ளி கிராம் வேறுபாடு ஒரு பொருட்டில்லை என்பதால், மாற்றத்தை இந்த ஸ்பூனிலிருந்து தொடங்கி, அதில் பழகிக்கொண்டு மின்னோவுக்குப் போகலாம். முள்ளை மாற்றும்போது ஸ்பிளிட் ரிங்கையும் புதிதாகப் போடுங்கள், பழைய ரிங் ஒரு முறை விரிந்தால் முன்போல் இறுகாது. அதற்கென்று இருக்கும் வளைந்த மூக்குக் கொறடு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிட்டால் நகம் உடையாமல் வேலை முடியும்.